சாவு வீட்டில் கேட்ட மூன்று பேச்சு

பெரியப்பா கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. காசிமேட்டில் இது கேள்விப்படாத செய்தி இல்லை. ஆனாலும் எந்த வீட்டில் நடக்கிறதோ அந்த வீட்டுக்கு அதுதான் முதல் தடவை. பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கி, டீ கேன் வந்து இறங்கிய அந்தச் சாயங்காலம் மூன்று பேர் பேசியது என் மனதில் அப்படியே நிற்கிறது.

பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தி, பெரியம்மா காதில் விழும்படியே, "இன்னா பாவம் பண்ணாங்களோ, ஆண்டவரு இப்டி அடிச்சிட்டாரு" என்றாள். ஜெபக் கூட்டத்திலிருந்து வந்திருந்த பிரதர் உடனே மறுத்தார்: "அதெல்லாம் இல்லம்மா. கடவுள் மனுஷனுக்குச் சுயசித்தம் குடுத்திருக்காரு. காத்து அடிக்கிறப்போ போனது அவரு எடுத்த முடிவு." காலேஜில் படிக்கும் என் தம்பிக்குப் பொறுக்கவில்லை. "மொதல்ல கடவுள் இருக்காருன்னு ஆதாரம் காட்டுங்க. அப்புறம் அடிச்சாரா விட்டாரான்னு பேசலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான்.

மூன்று பேரும் சண்டை போட்டுக்கொண்டதாகத்தான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் அவர்கள் பேசியது மூன்று வேறு கேள்விகள். துன்பம் தண்டனையா? மனிதனுக்கு உண்மையிலேயே தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டா, அது துன்பத்தை விளக்குமா? கிறிஸ்தவ நம்பிக்கைக்கு ஆதாரம் என்ன? ஒன்றைக் கேட்டால் இன்னொன்றின் பதில் வந்து விழுவதால்தான் இந்த வாதம் எங்கேயும் போய்ச் சேருவதில்லை. கடவுள் உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல இதை எழுதவில்லை. வலையில் சிக்கு விழுந்தால் முதலில் உட்கார்ந்து சிக்கெடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

'அடிச்சிட்டாரு' என்ற ஒரு சொல்

துறைமுகத்திலிருந்தே தொடங்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் விசைப்படகு எடுத்துப் போய் மாட்டினால் அபராதம். இது தண்டனை. ஒரு சட்டம் இருக்கிறது, மீறல் இருக்கிறது, விதிக்க ஒருவர் இருக்கிறார். அவர் மனம் வைத்தால் எச்சரித்து விட்டுவிடவும் முடியும்.

இன்ஜினுக்கு ஆயில் மாற்றாமலே ஓட்டினால் நடுக்கடலில் ஜாம் ஆகி நிற்கும். அதற்கு யாரும் அபராதம் போடவில்லை, கெஞ்சினாலும் ஓடாது. இது விளைவு.

வலை கட்டப் பழகும் பையன் முடிச்சைத் தப்பாகப் போட்டால், அப்பா அத்தனையையும் அவிழ்க்கச் சொல்லி மறுபடி போடச் சொல்வார். பையனுக்குக் கை வலிக்கும், அழுகை வரும். ஆனால் நோக்கம் அவனை மீனவனாக்குவது. பழைய தமிழ் வேதாகமத்தில் இதற்கு அருமையான ஒரு சொல் இருக்கிறது: சிட்சை. அதன் வடமொழி மூலத்துக்குக் கற்பித்தல் என்றே பொருள். கோர்ட் தீர்ப்பு மாதிரியான தண்டனைக்கு அதே வேதாகமம் ஆக்கினைத்தீர்ப்பு என்ற தனிச் சொல்லை வைத்திருக்கிறது. விளைவைப் பற்றிப் பேசும்போது இரண்டையும் விட்டுவிட்டு, மனுஷன் எதை விதைக்கிறானோ அதையே அறுப்பான் என்று வயல் கணக்கில் பேசுகிறது. இத்தனை நுணுக்கமாகப் பிரித்து வைத்த சொற்களை நாம் 'அடிச்சிட்டாரு' என்ற ஒன்றில் போட்டு மூடிவிட்டோம்.

நான்காவதாகவும் ஒன்று உண்டு. கரையில் சும்மா நின்றவனை அலை இழுத்துப் போகிறது. மேலே சொன்ன மூன்றிலும் இது சேராது. வாதம் சூடாவது எப்போதும் இந்த இடத்தில்தான்.

நனைந்த தெருவைப் பார்த்து மழையைச் சொல்வது

மழை பெய்தால் தெரு நனையும், சரி. தெரு நனைந்திருந்தால் மழை பெய்தது என்று சொல்லலாமா? வட சென்னைக்காரனிடம் கேட்டுப் பாருங்கள். குழாய் உடைந்திருக்கும், தண்ணி லாரி போயிருக்கும், சாக்கடை பொங்கியிருக்கும். மழைதான் என்று சத்தியம் செய்ய மாட்டான். பாவம் செய்தால் துன்பம் வரும் என்று ஒருவர் நம்பலாம். அதை வைத்து, துன்பம் வந்த வீட்டில் பாவத்தைத் தேடுவது நனைந்த தெருவைப் பார்த்து மழை பெய்ததாகச் சொல்கிற வேலை. இதைப் பின்னோக்கி வாசிப்பது என்று இந்தக் கட்டுரையில் சொல்லப்போகிறேன்.

பலருக்கும் தெரியாத செய்தி, இந்தப் பின்னோக்கி வாசிப்பை விவிலியமே பல இடங்களில் மறுக்கிறது என்பது. நல்லவனாக இருந்தும் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் கதையில் அவனைப் பார்க்க வந்த நண்பர்கள் பக்கம் பக்கமாகச் சொல்வது நம் அக்கா சொன்னதைத்தான். முடிவில் கடிந்துகொள்ளப்படுவது அவர்கள்தான். பிறவிக் குருடன் ஒருவனைப் பார்த்துச் சீடர்கள், இது இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று கேட்கிறார்கள். அப்படியே நம் தெருக் கேள்வி! இரண்டும் இல்லை என்பதே இயேசுவின் பதில். சீலோவாம் என்ற இடத்தில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோதும், செத்தவர்கள் எருசலேமில் மற்ற எல்லாரையும் விடப் பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று அவரே சொல்கிறார். மனம் திரும்பாவிட்டால் நீங்களும் அழிவீர்கள் என்று கூடவே சேர்த்துச் சொல்கிறார், அதையும் மறைக்கக் கூடாது. எச்சரிக்கை இருக்கிறது. செத்தவர் மேல் தீர்ப்பு இல்லை.

அப்படியானால் சோதோம் எரிந்த கதை, நோவா காலத்து வெள்ளம்? அவை தண்டனை என்றுதான் நூல் சொல்கிறது. ஆனால் அங்கே காரணத்தையும் கதையே சொல்லிவிடுகிறது. காசிமேட்டுச் சாவு வீட்டில் காரணம் சொல்லும் அசரீரி எதுவும் கேட்கவில்லை. அக்கா தானாகவே அந்த வேலையை எடுத்துக்கொண்டாள்.

இன்னொன்றும் எனக்குத் தோன்றுகிறது. அக்கா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். ஆனால் அவள் பேசியது பெரும்பாலும் வினைக் கணக்கு. முன்செய்த வினை இப்போது பலனாக வருகிறது என்ற பார்வை இந்த மண்ணில் எல்லா மதத்துக்காரர் பேச்சிலும் ஊறிக் கிடக்கிறது. வினைக் கொள்கையில் துன்பத்தைப் பார்த்து முன்வினை ஒன்று உண்டு என்று சொல்ல இடம் இருக்கிறது, ஏனென்றால் முற்பிறவி என்ற பெரிய கணக்குப் புத்தகம் பின்னால் இருக்கிறது. கிறிஸ்தவத்தில் மறுபிறவி இல்லை. ஒரே பிறவிக்குள் கணக்கு நேராகாது என்பதால்தான் அது இறுதித் தீர்ப்பு நாள் என்று ஒன்றைத் தள்ளி வைத்திருக்கிறது. இரண்டில் எது சரி என்பது வேறு பேச்சு. ஒன்றின் சொல்லை எடுத்து இன்னொன்றின் கணக்கைப் போட்டால் விடை வராது.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவுக்கு அருகே கடலடித் தட்டு 1,200 கிலோமீட்டருக்கும் அதிக நீளத்துக்குப் பிளந்தது. எழுந்த அலை இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலில் நம் கரையைத் தொட்டது. வேளாங்கண்ணியில் கோயிலுக்குள் இருந்தவர்கள் தப்பினார்கள். கடற்கரையிலும் கடைத்தெருவிலும் இருந்தவர்கள் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். உடனே ஒரு பக்கம் அற்புதம் என்றார்கள், இன்னொரு பக்கம் தண்டனை என்றார்கள். இரண்டும் பின்னோக்கி வாசிப்புதான். செத்தவர்களிலும் பலர் அதே மாதாவைப் பார்க்கத்தான் வந்திருந்தார்கள்.

இதுவரை பார்த்தது: தண்டனை, விளைவு, சிட்சை மூன்றும் வேறு வேறு. துன்பத்தை மட்டும் பார்த்து இது இன்னது என்று சொல்ல முடியாது.

சுயசித்தம்: கேரம் போர்டில் ஒரு பாடம்

பிரதர் சொன்னதற்கு வருவோம். சுயசித்தம் என்றால், ஒரு செயலைச் செய்யவும் செய்யாமல் விடவும் ஒருவருக்கு உண்மையிலேயே வழி இருப்பது. கடவுள் நல்லவர், எல்லாம் வல்லவர் என்றால் உலகத்தில் தீமை ஏன் என்று கேட்டால், கிறிஸ்தவர்கள் அதிகம் சொல்லும் பதில் இதை வைத்துத்தான் நிற்கிறது.

வியாசர்பாடி, பெரம்பூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்குக் கேரத்தை வைத்துச் சொன்னால் சட்டென்று பிடிபடும். நீங்கள் எப்படி அடித்தாலும் போர்டின் சொந்தக்காரர் கை நீட்டி ரெட் காயைப் பள்ளத்தில் தள்ளிவிடுகிறார் என்று வையுங்கள். ஒரு தப்பும் நடக்காது. ஆனால் அங்கே ஆட்டமும் இல்லை. அன்பு, நேர்மை, தைரியம் எல்லாம் இப்படித்தான். தவறவிட வழி இருந்தால்தான் அவற்றுக்குப் பொருள் என்பது இந்த வாதம்.

இரண்டாவது படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆட ஆள் இருந்தால் மட்டும் போதாது, போர்டும் நாணயமாக இருக்க வேண்டும். பவுடர் போட்ட பலகையில் ஸ்ட்ரைக்கர் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வழுக்க வேண்டும். மோசமான அடி வரும்போதெல்லாம் பலகை தானே சாய்ந்து காப்பாற்றினால், யோசித்து அடிப்பதற்கே வேலை இல்லை. தீ சமைக்கவும் செய்யும், சுடவும் செய்யும். தண்ணீர் படகைத் தாங்கவும் செய்யும், மூழ்கடிக்கவும் செய்யும். இயற்கை மாறாத விதியில் ஓடுவதால்தான் மனிதன் முடிவெடுக்க முடிகிறது, அதே விதிதான் அவனைக் கொல்லவும் செய்கிறது என்று நீட்டிச் சொல்வார்கள்.

எதிர்ப்பு இல்லாமலா? 1955இல் ஜே. எல். மேக்கி என்ற ஆஸ்திரேலியத் தத்துவ அறிஞர் நேராகக் கேட்டார்: எல்லாம் வல்லவர் என்றால், சுதந்திரமாகவே எப்போதும் நல்லதைத் தேர்ந்தெடுக்கும் மனிதர்களைப் படைத்திருக்கலாமே? கேரத்தில் சொன்னால், எல்லா அடியும் போடுகிற கில்லாடிகளாகவே படைத்திருக்கலாமே? 1974இல் அமெரிக்கரான ஆல்வின் பிளான்டிங்கா கொடுத்த பதில் இந்த விவாதத்தில் பெரிய திருப்பம். ஒருவனைச் சுதந்திரமாகச் செய்யும்படி 'செய்ய வைப்பது' என்பதே முன்னுக்குப் பின் முரண், சதுரமான வட்டம் மாதிரி. அது எல்லாம் வல்லவராலும் ஆகாது, ஏனென்றால் அங்கே செய்வதற்கு ஒரு காரியமே இல்லை என்றார்.

வக்கீல் சொல்வதும் போலீஸ் கண்டுபிடிப்பதும்

பிளான்டிங்காவின் வாதத்துக்குத் தற்காப்பு வாதம் என்று பெயர். கடவுளும் தீமையும் ஒரே உலகத்தில் இருப்பது முரண் இல்லை என்று மட்டும் அது காட்டும். இன்ன துன்பத்துக்கு இன்ன காரணம் என்று அது சொல்லாது. பாரிமுனை ஹைகோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல், "என் கட்சிக்காரர் அந்த நேரத்தில் வேறு இடத்தில் இருந்திருக்க முடியும்" என்று காட்டினால் அவர் வேலை முடிந்தது. திருடியது யார் என்று கண்டுபிடிப்பது அவர் பொறுப்பில்லை.

பிரதர் சறுக்கியது இங்கேதான். வக்கீல் வாதத்தை எடுத்துவந்து போலீஸ் ரிப்போர்ட் மாதிரி பெரியம்மா முன்னால் வாசித்தார். பெரியப்பா போக முடிவெடுத்தார் என்றே வைத்துக்கொள்வோம். காற்றை அவர் தேர்ந்தெடுத்தாரா? டீசலுக்கு வாங்கிய கடனின் வட்டி வாரா வாரம் வாசலில் வந்து நிற்பதை? தேர்வு என்பது உண்டு, இல்லை என்ற இரண்டே நிலைகளில் இருப்பதில்லை. சிலருக்கு அகலமான தெரு, சிலருக்குச் சந்து.

மனிதன் செய்யும் தீமை, இயற்கையால் வரும் தீமை என்று புத்தகங்கள் இரண்டாகப் பிரிக்கும். பிரிப்பது சுலபம் என்று நினைத்தால் எண்ணூருக்குப் போக வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் இறங்கியது. படகும் வலையும் கறுப்பாகிக் கிடந்தன, அலையாத்திச் செடிகளின் தண்டில் தார் பூசியது போல ஒரு கோடு நின்றது, நண்டும் இறாலும் பிடித்துப் பிழைத்தவர்கள் கையில் எண்ணெய் வழித்தார்கள். மழை இயற்கை. எண்ணெய்? யாரோ எங்கோ எடுத்த, அல்லது எடுக்காமல் விட்ட முடிவு. அதன் விலையைக் கட்டியவர்கள் அந்த முடிவில் கையெழுத்துப் போட்டவர்கள் இல்லை.

இந்த விவாதம் புதிதும் இல்லை. 1755 நவம்பர் 1, சகல புனிதர்கள் திருநாள் காலையில் லிஸ்பன் நகரம் பூகம்பத்தில் இடிந்தது. பூசைக்கு வந்தவர்களால் கோயில்கள் நிறைந்திருந்த நேரம். எல்லாம் நன்மைக்கே என்று பேசியவர்களைப் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் ஒரு கவிதையில் கிழித்தார். அதற்குத் தத்துவ அறிஞர் ரூசோ எழுதிய பதில் எனக்குப் பிடிக்கும். ஆறேழு மாடி வைத்து வீடுகளை நெருக்கிக் கட்டியது இயற்கை இல்லையே என்று கேட்டார். எண்ணூர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

கிறிஸ்தவர்களே சுயசித்தத்தில் ஒருமித்த கருத்துடையவர்கள் என்றும் நினைக்க வேண்டாம். ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீனாரும் பெலேஜியஸும் மோதினார்கள், 1520களில் லூத்தரும் எராஸ்மஸும், 1618-19இல் நெதர்லாந்தின் டார்ட் நகரில் இதற்காக ஒரு மாநாடே கூடியது. அந்தச் சண்டையின் பங்காளிகள் இன்றும் ஒரே தெருவில் இரண்டு சபைகளாக இருக்கிறார்கள்.

இதுவரை பார்த்தது: தீமையும் கடவுளும் சேர்ந்திருக்க முடியும் என்று சுயசித்த வாதம் காட்ட முயல்கிறது. இந்த வீட்டில் ஏன் சாவு என்பதற்கு அது பதில் இல்லை.

நரகம் பற்றிச் சுருக்கமாக

தமிழ் வேதாகமத்தில் நரகம் என்று வரும் இடங்களில் பெரும்பாலும் மூலத்தில் இருப்பது கெகன்னா. எருசலேமை ஒட்டிய இன்னோம் பள்ளத்தாக்கின் பெயரிலிருந்து வந்த சொல். அது முடிவில்லாத வேதனையா, அழிந்துபோவதா, கடைசியில் எல்லாரும் மீட்கப்படுவார்களா என்று மூன்று கருத்துகள் ஆதித் திருச்சபைக் காலத்திலிருந்தே உண்டு, முதலாவதுதான் பெரும்பான்மை. அறுபது வருடத் தப்புக்கு முடிவில்லாத தண்டனையா என்ற கேள்விக்குக் கத்தோலிக்க மறைக்கல்வி நூல் வேறு கோணத்தில் பதில் சொல்கிறது: நரகம் என்பது கடவுளிடமிருந்து மனிதன் தன்னைத்தானே முற்றாக விலக்கிக்கொள்ளும் நிலை. அதாவது தண்டனையை விளைவின் பக்கம் நகர்த்துகிறார்கள். எனக்கு அது பாதிதான் நிறைவு தருகிறது. விலகிப் போக ஒரு கதவு வைத்தவர் யார் என்ற கேள்வி அங்கேயே நிற்கிறது.

வஞ்சிரமும் கடல்கன்னியும்

இப்போது தம்பியின் கேள்வி. காசிமேட்டிலிருந்து வந்த ஒருவர், "இன்னைக்கு நல்ல வஞ்சிரம் வந்துது" என்கிறார். நம்புவோம், பையை எடுத்துக்கொண்டு கிளம்புவோம். அதே ஆள், அதே குரலில், "இன்னைக்குக் கடல்கன்னி வந்துது" என்கிறார். நம்ப மாட்டோம். ஆளின் நாணயம் மாறவில்லை. அப்படி நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று நாம் முன்கூட்டியே மனதில் வைத்திருந்த அளவு மாறிவிட்டது. அதை முன்மதிப்பு என்று சொல்லலாம். புதுச் சாட்சியம் வரும்போது முன்மதிப்பை எவ்வளவு திருத்த வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு வழி இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த தாமஸ் பேய்ஸ் ஒரு பாதிரியார் என்பது வேடிக்கை. அவர் இறந்த பிறகு 1763இல் அது அச்சாகியது. அதற்கு முன்பே 1748இல் டேவிட் ஹியூம் என்ற ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர், அற்புதத்துக்குச் சாட்சி சொல்பவர் சொன்னது தப்பாக இருப்பது அந்த அற்புதத்தைவிட நம்ப முடியாததாக இருந்தால் மட்டுமே அதை ஏற்கலாம் என்று எழுதியிருந்தார்.

இதை வைத்துக்கொண்டு வரலாற்றைப் பார்ப்போம். இயேசு என்று ஒருவர் வாழ்ந்தார், ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்து காலத்தில் கொல்லப்பட்டார் என்பதை, மத நம்பிக்கை இல்லாத வரலாற்று ஆய்வாளர்களிலும் மிகப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். கிறிஸ்தவர்களைக் கண்டாலே ஆகாத ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், ஏறக்குறைய 116இல் அதைக் குறித்திருக்கிறார். பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961இல் செசரியாவில் கிடைத்தது. சரி, இது வஞ்சிரம்.

உயிர்த்தெழுதல்? அதற்குக் கல்லும் இல்லை, ரோமக் குறிப்பும் இல்லை; சாட்சிகள் உண்டு. உயிர்த்தவரைக் கண்டவர்கள் என்று ஆதித் திருச்சபைத் தலைவர்களில் ஒருவரான பவுல் ஒரு பட்டியல் எழுதியது நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்திலிருந்து சுமார் 25 வருடத்துக்குள். அது குறைந்த இடைவெளி. சுனாமியை நேரில் பார்த்தவர்கள் எத்தனை பேர் இன்றும் நம் தெருவில் இருக்கிறார்கள்! நம்புகிறவர்கள் இதைத்தான் சுட்டுவார்கள். நம்பாதவர்களும் அதே தெருவைச் சுட்டலாம். இந்த இருபது வருடத்தில் அந்த அலை எங்கள் டீக்கடையில் வீட்டு உயரத்திலிருந்து பனைமர உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. கடவுள் உண்டு என்று முன்மதிப்பு வைத்திருப்பவருக்குப் பவுலின் பட்டியல் கனமாகத் தெரியும், வைக்காதவருக்கு லேசாகத் தெரியும். ஒரே சாட்சியத்தைப் பார்த்து இரண்டு பேர் வேறு முடிவுக்கு வருவதில் ஒருவர் முட்டாளாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை.

ஊர்ப் பெருமை ஒன்றையும் இந்தத் தராசில் வைக்கலாம். இயேசுவின் சீடரான தோமையார் 52இல் இந்தியா வந்து, 72இல் பரங்கிமலையில் கொல்லப்பட்டார் என்பது மரபு. அவரைப் பற்றிய பழைய நூல் மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் கொந்தபோரஸ் என்ற இந்திய அரசன் வருகிறான். கற்பனை என்றுதான் நினைத்திருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆப்கானிஸ்தான், பஞ்சாப் பக்கம் அவன் பெயர் பொறித்த நாணயங்கள் கிடைத்தன. அவன் முதல் நூற்றாண்டுக்காரன். நாணயம் அரசனை நிரூபித்தது. அவன் அரண்மனைக்குத் தோமையார் போனாரா என்பதை நாணயம் சொல்லாது. பரங்கிமலை அதிலிருந்து இன்னும் ரொம்ப தூரம்.

சாட்சி சொல்லும் மைக்

சபைகளில் சாட்சி சொல்வது என்று ஒன்று உண்டு. நோய் தீர்ந்தவர், கடலில் தப்பியவர் மைக்கில் வந்து சொல்வார். அவர் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஆனால் ஜெபித்தும் தீராதவர் அந்த மைக்குக்கு வருவதில்லை, கடலில் போனவரால் வரவே முடியாது. தப்பியவர்களை மட்டும் எண்ணிக் கணக்குப் போடும் இந்தப் பிழைக்குத் தப்பியவர் சார்பு என்று பெயர் வைக்கலாம். இதற்கு ரோமானியரான சிசரோ ஒரு பழைய கதை சொல்கிறார். புயலில் நேர்ந்துகொண்டு தப்பியவர்கள் கோயிலில் வைத்த படங்களை டயகோரஸ் என்ற கிரேக்கரிடம் காட்டினார்களாம். மூழ்கியவர்களின் படம் எங்கே என்று கேட்டாராம் அவர். வேளாங்கண்ணியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் காணிக்கைப் படகுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான். ஆனால் ஒன்று, அந்தக் கேள்வி ஒரு சாட்சியின் கனத்தைக் குறைக்குமே தவிர, கடவுள் இல்லை என்று நிரூபிக்காது. தம்பி அன்றைக்கு அவ்வளவு தூரம் தாவினான்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து ராயப்பர் கோயிலிலிருந்து நடந்து வரும்போது இதையெல்லாம் பெரியம்மாவிடம் என் வழியில் சொல்லிப் பார்த்தேன். ரொம்ப நேரம் பேசாமல் வந்தார். அப்புறம் கேட்டார்: "ஹார்பர்ல புயல் கூண்டு ஏத்துனப்போ உங்க பெரிப்பா கரையில இருந்தாரா, போயிட்டிருந்தாரா? அத்த எவனாச்சும் விசாரிச்சானா?"

பந்தலில் இருந்த யாரும் விசாரிக்கவில்லை. நானும்.